ஒரே இரத்தம், பல பெயர்கள்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஆராய்ச்சி நேர்மையைப் பற்றி ஒரு மணி நேரம் பேச வேண்டும் என்று உங்கள் டீன் கேட்டார். பேசினேன். நீங்களும் கேட்டீர்கள், அதாவது முன்வரிசை கேட்டது, பின்வரிசை மொபைலைப் பார்த்தது. அடுத்தவர் எழுதியதை எடுத்துப் போடாதே, படத்தை வெட்டி ஒட்டாதே, எடுக்காத அளவை எடுத்ததாக எழுதாதே என்றெல்லாம் சொன்னேன். இதெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைக்கே தெரியும். தெரிந்தும் செய்கிறவர்கள் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். அவர்களில் சிலரை நானே விசாரித்திருக்கிறேன். அவர்களைப் பற்றி எழுத எனக்கு இப்போது ஆசையில்லை. ஓய்வு பெற்றாகிவிட்டது, நல்லவர்களைப் பற்றி எழுதிவிட்டுப் போகிறேனே.

அன்றைக்கு உங்களில் ஒரு பெண் எழுந்து, தப்பே செய்யாதவர் மீது புகார் வந்தால் என்ன செய்வது என்று கேட்டாள். நேரமாகிவிட்டது என்று டீன் நன்றி சொல்லிக் கூட்டத்தை முடித்துவிட்டார். எனக்கு அந்தக் கேள்வி வீடு வரைக்கும் கூடவே வந்தது. அதற்கான பதில் இது. கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சொல்லப்போகிறவள் பெயர் ரூபி என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுடையதைப் போலவே அரசுப் பணத்தில் நடக்கும், நான் வேலை பார்த்த நிறுவனத்தில் பிஎச்.டி. மாணவி. பிறந்து வளர்ந்தது மும்பையின் தாராவியில். அப்பா தோல் பை தைக்கும் பட்டறையில் தோல் வெட்டுகிறவர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாத்தா காலத்தில் வந்த குடும்பம். அவள் எடுத்துக்கொண்ட விஷயமும் தாராவிதான். பழைய பேட்டரிகளை உடைத்து உருக்கும் பட்டறைகள் நிறைந்த ஒரு சந்து. அதன் மாடி அறைகளில் குடும்பங்கள் இருக்கின்றன. அங்குள்ள பெண்களின் இரத்தத்தில் எவ்வளவு காரீயம் ஏறியிருக்கிறது என்பதுதான் ஆராய்ச்சி. காரீயம் உடம்பில் ஏறினால் சத்தமில்லாமல் கெடுக்கும், வயிற்றில் இருக்கும் குழந்தையையும் சேர்த்து.

சந்துக்குப் பக்கத்துச் சபைக் கூடத்தில் சில நாட்கள் முகாம் நடத்தினாள். ஒப்பந்தத்தில் வந்த டெக்னீஷியன் ஒருவர் இரத்தம் எடுத்தார். பக்கத்தில் நின்று ஒவ்வொரு டியூபிலும் பெயர் ஒட்டியவள் ரூபி. முடிவு எல்லோரையும் ஆச்சரியப்படுத்தியது. பட்டறைக்குள் பேட்டரி உடைக்கும் பெண்களுக்கும், வேலைக்குப் போகாமல் வீட்டில் இருக்கும் பெண்களுக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. இரண்டு பக்கமும் அளவு சுமார்தான். அவளுடைய கைடுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. எதிர்பாராத முடிவு என்றால் நம் தொழிலில் கிராக்கி உண்டு. ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்த டெல்லி அரசுத் துறைக்கு இடைக்கால அறிக்கை போயிற்று. அவர்களுக்கும் மகிழ்ச்சி. தொழிலாளிகளுக்குத் தனியாக ஆபத்து இல்லை என்றால், தனியாக ஒன்றும் செய்யவும் வேண்டாம் பாருங்கள்.

அந்த நேரத்தில்தான் எங்கள் லேபில் வழக்கமான மறுபரிசோதனை நடந்தது. சேமித்து வைத்த டியூப்களை மறுபடி எடுத்து அளந்தோம். காரீயம், செம்பு, துத்தநாகம், இரத்த வகை என்று எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தபோது, இரண்டு மூன்று பெயர்களில் இருந்த டியூப்கள் ஒன்றுபோல இருந்தன. ஒரு ஜோடி என்றால் தற்செயல் என்று விட்டுவிடலாம். இது வரிசையாக வந்தது. வேறு வேறு பெயர்களில் ஒரே ஆளின் இரத்தம்.

இதற்கு எங்கள் தொழிலில் ஒரே ஒரு அர்த்தம்தான் சொல்வார்கள். வெயிலில் அலைந்து ஆள் தேட அலுத்துப்போய், வந்த ஒருத்தியின் கையிலிருந்து எடுத்த இரத்தத்தை மூன்று டியூபில் ஊற்றி, மூன்று பெயர் ஒட்டிவிட்டாள். பெயர் ஒட்டியவள் யார்? ரூபி. முடிந்தது கதை. இது நிரூபணமானால் அவள் பதிவு ரத்தாகும், அரசு நிறுவனம் எதிலும் அப்புறம் கால் வைக்க முடியாது.

மூன்று பேர் கமிட்டி போட்டார்கள். இரசாயனம் தெரிந்தவன் என்று என்னைச் சேர்த்தார்கள். இன்னொருவர் எங்கள் நிர்வாக அதிகாரி. எதையும் மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிட வேண்டும் என்று நினைக்கிற மனிதர். தலைவராக வந்தவர் வேறு நிறுவனத்திலிருந்து வந்த ஒரு அம்மா. உயிரியல் படித்தவர், மராட்டிக்காரர், தாதரில் வீடு. பெயர் சொன்னால் கோபித்துக்கொள்வார், அதனால் தலைவர் என்றே சொல்கிறேன். நான் பார்த்த விசாரணைகளில் அவரைப் போல ஒருவரைப் பார்த்ததில்லை.

முதல் நாள், ரூபியை உள்ளே அழைப்பதற்கு முன்னால், எங்கள் மூவருக்கும் ஆளுக்கொரு வெள்ளைத் தாள் கொடுத்தார். இந்தப் பெண் செய்திருப்பாள் என்றுதான் நாம் மூன்று பேரும் நினைக்கிறோம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, எதைப் பார்த்தால் நம் நினைப்பு தப்பு என்று ஒப்புக்கொள்வோம் என்பதை இப்போதே எழுதி வைப்போம் என்றார். எழுத முடியாதவர்கள் கமிட்டியில் உட்கார வேண்டாம் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். சிரிப்பு வாயில்தான் இருந்தது. நிர்வாக அதிகாரி பேனாவை உருட்டிக்கொண்டே இருந்தார். எனக்கும் சட்டென்று ஒன்றும் தோன்றவில்லை. இத்தனை வருஷ சர்வீஸில் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. நீங்களும் யாரைப் பற்றியாவது ஒரு முடிவுக்கு வருமுன் இதைச் செய்து பாருங்கள், எவ்வளவு கஷ்டம் என்று தெரியும்.

கடைசியில் நான் எழுதியது இதுதான்: ஒரே ஆளின் இரத்தம் என்றாலும், அது ஒரே நேரத்தில் எடுத்ததாக இல்லாமல் இருந்தால் என் சந்தேகம் தப்பு.

ரூபி வந்தாள். ஒல்லியான பெண், குரல் மட்டும் கனமாக இருந்தது. டியூப்களைப் பற்றிச் சொன்னோம். முகம் வெளுத்துப் போயிற்று. அழவில்லை. தலைவருக்குப் புரிய வேண்டும் என்று இந்தியில்தான் பேசினாள். "நான் பண்ணல மேடம். ஆனா எப்படி இப்படி ஆச்சுன்னு கேட்டா எனக்குத் தெரியல" என்றாள். எத்தனை விதமாகக் கேட்டாலும் இந்த இரண்டு வாக்கியம்தான். நிர்வாக அதிகாரி, நீ அந்த ஊர்ப் பெண்ணாயிற்றே, உனக்குத் தெரியாமல் அங்கே என்ன நடக்கும் என்று கேட்டார். தாராவி என்றால் ஒரு தெரு என்று நினைத்துவிட்டீர்களா சார் என்று அவள் கேட்கவில்லை. நானாக இருந்தால் கேட்டிருப்பேன்.

அன்று மாலை அவளுடைய கைடு என் அறைக்கு வந்தார். கெட்ட மனிதர் இல்லை. மாணவி மீது பிரியம் உள்ளவர், அறிக்கை மீது இன்னும் கொஞ்சம் கூடப் பிரியம். அந்த டெக்னீஷியன் ஒப்பந்த ஆள்தானே, வேலையை விட்டு எங்கோ போய்விட்டான், அவன் டியூப்களைக் கலந்துவிட்டான் என்று அவள் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் எல்லோருக்கும் நிம்மதி என்றார். அவளிடமும் சொல்லியாயிற்றாம். சொல்கிறபோதே அவர் என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார்.

மறுநாள் கமிட்டி முன்னால் தலைவரே கேட்டார், அந்த டெக்னீஷியனைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டுமா என்று. அறையில் கைடும் இருந்தார். ரூபி அவரை ஒரு முறை பார்த்துவிட்டு, தலைவரிடம் சொன்னாள்: "அவர் ஒழுங்கா வேலை பாத்தாரு மேடம். நான் பக்கத்துலயே நின்னேன். அவர் மேல சொல்ல என்கிட்ட ஒண்ணும் இல்ல."

தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நீட்டப்பட்ட கயிற்றை அவள் தொடக்கூட இல்லை. ஆனால் நல்ல பெண் என்பதால் டியூப் மாறிவிடாது. தலைவரும் அதையேதான் நினைத்திருப்பார். அடுத்த கேள்வி என் பக்கம் திரும்பியது. நீங்கள் எழுதியதைச் சோதித்துப் பார்த்தீர்களா என்றார்.

பார்க்க வழி இருந்தது. காரீயமும் இரத்த வகையும் ஒரு நாளில் மாறாது. சாப்பிட்டால் ஏறி, அப்புறம் இறங்குகிற ஒருவகைக் கொழுப்பு இரத்தத்தில் உண்டு. ஒரே கையில் ஒரே நேரத்தில் எடுத்து ஊற்றியிருந்தால் அந்தக் கொழுப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். அளந்தேன். ஜோடி டியூப்களில் காரீயம் ஒன்றாக இருந்தது, கொழுப்பு ஒத்துப்போகவே இல்லை. ஒரு டியூப் வெறும் வயிற்றில் எடுத்தது, இன்னொன்று வயிறாரச் சாப்பிட்ட பிறகு எடுத்தது. தப்பாக அளந்துவிட்டோமோ என்று மறுபடியும் அளந்தேன். அப்படியேதான் வந்தது. யாரோ ஒருத்தி ஒரு முறை வந்து தன் பெயருக்குக் கொடுத்துவிட்டு, இன்னொரு முறை வந்து இன்னொரு பெயருக்குக் கொடுத்திருக்கிறாள்.

நிர்வாக அதிகாரி உடனே, மரபணுச் சோதனை செய்தால் யார் இரத்தம் என்று பளிச்சென்று தெரிந்துவிடுமே என்றார். தலைவர் மறுத்துவிட்டார். காரீயமும் வழக்கமான இரத்தப் பரிசோதனைகளும் பார்க்கத்தான் அந்தப் பெண்கள் கையை நீட்டினார்கள், நமக்குச் சௌகரியம் என்பதற்காக வேறு எதையும் அந்த இரத்தத்தில் தேட நமக்கு உரிமையில்லை என்றார். நேராகப் போய்க் கேட்போம் என்றார். கேட்டால் சொல்வார்களா என்று எங்களுக்குச் சந்தேகம். காசு வாங்கிக்கொண்டு வந்தார்களோ, ரூபியே ஏற்பாடு செய்தாளோ என்ற சந்தேகமும் இன்னும் போகவில்லை.

போவதற்கு முன் ரூபி என்னிடம் ஒன்று கேட்டாள். "சார், இது என் டிகிரி விஷயம்னு அங்க யார்ட்டயும் சொல்லாதீங்க. ப்ளீஸ்."

அவள் அப்பா அம்மா நாலு சந்து தள்ளித்தான் இருந்தார்கள். மகள் மீது திருட்டுப் புகார் மாதிரி ஒன்று என்று தெரிந்தால் வீட்டுக்கு அவமானம். அதற்குப் பயப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். தலைவரிடம் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, நியாயமான வேண்டுகோள், சொல்லக் கூடாது என்றார். ரூபியும் எங்களோடு வரக் கூடாது, யாருக்கும் போன் செய்யக் கூடாது என்று ஏற்பாடு.

நான் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவன். ரயிலில் தாராவியைத் தாண்டித்தான் எங்கேயும் போவேன், வருவேன். இறங்கியது மட்டும் இல்லை. அந்தச் சந்துக்குள் போனதும், நாங்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே பெண்கள் வெளியே வர ஆரம்பித்தார்கள். ஒவ்வொருத்தி கையிலும் ஒரு பிளாஸ்டிக் கவர். அதற்குள் ஆதார், ரேஷன் கார்டு, பழைய கரண்டு பில். கையில் பை வைத்துக்கொண்டு படித்தவர் மாதிரி யார் வந்தாலும் வீட்டு சர்வே என்று நினைத்துக்கொள்கிறார்கள். தாராவியை இடித்து அடுக்குமாடி கட்டும் திட்டத்தில் சந்து இடிபடும்போது யாருக்கு மாற்று வீடு, யாருக்கு இல்லை என்பதை அந்த சர்வேதான் முடிவு செய்யும்.

நாங்கள் அதற்கு வரவில்லை என்று சொன்னேன். ஒரு பெண் சிரித்துக்கொண்டே பக்கத்துப் பெண்ணிடம், "சாரு டிவியில நியூஸ் வாசிக்க மாதிரில்லா பேசுதாரு" என்றாள். நான் பேசியது எங்கள் வீட்டுத் தமிழ்தான். தலைவருக்கு மொழிபெயர்த்தேன், அவரும் சிரித்தார். இரத்த முகாமைப் பற்றிக் கேட்டதும் சிரிப்பெல்லாம் நின்றது. எல்லோரும் ஒரு தடவைதான் கொடுத்தோம் என்றார்கள். ஒருத்தி சொன்னதையே அடுத்தவளும் சொன்னாள். கதவுகள் மெல்ல மூடத் தொடங்கின.

என் நாக்கு நுனியில் ஒரு வாக்கியம் நின்றுகொண்டிருந்தது. உங்கள் ரூபியின் படிப்பே போகப்போகிறது, உண்மையைச் சொல்லுங்கள். அவ்வளவு சொன்னால் போதும், அத்தனை கதவும் திறந்துவிடும் என்று எனக்குத் தோன்றியது. வாக்குக் கொடுத்துவிட்டோமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். சர்வீஸில் அத்தனை கஷ்டப்பட்டு நான் வாயை மூடிக்கொண்டிருந்தது வேறு எப்போதும் இல்லை.

தலைவர் என்னை ஓரமாக அழைத்தார். நமக்கு என்ன வேண்டும் என்றே கேட்டுக்கொண்டிருக்கிறோம், இவர்களுக்குத் தெரிய வேண்டியது ஒன்று நம்மிடம் இருக்கிறதே, அதை முதலில் சொல்லிவிடுவோம் என்றார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் அவரவர் பெயரில் ரிப்போர்ட் போயிருந்தது. நான் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன்: "ஒருத்தர் ரத்தத்தை இன்னொருத்தர் பேர்ல குடுத்திருந்தா, அந்த ரிப்போர்ட் அவாளோடதே இல்லை. பயமில்லைன்னு எழுதியிருந்தாலும் நம்பப்படாது. யார் பேரையும் எதிலேர்ந்தும் எடுக்க மாட்டோம். இதைச் சொல்லிட்டுப் போகலாம்னுதான் நிக்கறோம்."

அப்புறம் ஒரு அம்மா, பாக்கியம் என்று பெயர், ஐம்பதைத் தாண்டியவர், வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து பைகளுக்குப் பித்தான் தைக்கிறவர், படியிலிருந்து இறங்கி வந்தார். முதலில் அழுதார். அப்புறம்தான் பேச்சு வந்தது.

"ஸ்டெல்லா பேருக்கு ரத்தம் குடுத்தது நாந்தான் சார். மொத நாளு எனக்கு இடது கையில எடுத்தாவ. மறுநாளு அவ பேரக் கூப்பிட்டப்ப வலது கைய நீட்டுனேன். அவ பேட்டரி ஒடைக்கப் போயிருந்தா, லீவு கேட்டா நாளைக்கு வராதன்னுருவான். வீட்டு சர்வேக்கு வந்தப்பவும் அவ வேலையிலதான் கெடந்தா. வீடு பூட்டிக் கெடக்குன்னு எழுதிட்டுப் போயிட்டானுவ, இன்னும் ஆபீசு ஆபீசா அலையுதா. நீங்களும் முகாமுக்கு மைக்குல அதேதான சொன்னிய, ஒரு வீடும் விட்டுப்போகக் கூடாது, விட்டுப்போனா பொறவு சேக்க முடியாதுன்னு. இப்பம் அவ மாசமா இருக்கா சார். அவளுக்கு ஒண்ணும் இல்லன்னு ரிப்போர்ட்டு வந்துருக்கு. அது என் ரத்தம்லா?"

பிறகு ஒவ்வொருத்தியாக வந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரிக்கு, நாத்தனாருக்கு, மாடியில் இருக்கிறவளுக்கு என்று. தண்ணீர் வரிசையில் வேலைக்குப் போனவளின் குடத்தையும் சேர்த்து நகர்த்தி வைக்கிற பெண்கள் அவர்கள். ஊசி வரிசையிலும் அதையே செய்திருக்கிறார்கள். யாரும் காசு வாங்கவில்லை. அடுத்தவள் பெயர் விட்டுப்போகக் கூடாது என்று தங்கள் இரத்தத்தைக் கொடுத்திருக்கிறார்கள். நான் தலைவருக்கு மொழிபெயர்க்க ஆரம்பித்தேன். அவர் பரவாயில்லை, புரிந்துவிட்டது என்று என் தோளைத் தட்டினார்.

இதற்கெல்லாம் காரணம் ரூபியின் மைக் அறிவிப்புதான். ஒருவரையும் விடாமல் சேர்க்க வேண்டும் என்ற ஆர்வத்தில், அந்தச் சந்து எந்த வார்த்தையைக் கேட்டால் நடுங்குமோ அதையே சொல்லியிருக்கிறாள். அடையாள அட்டை கேட்டால் பயப்படுவார்கள் என்று அதையும் கேட்கவில்லை. சட்டப்படி அதில் தப்பில்லை, மனிதாபிமானம்தான். ஆனால் கூட்ட நெரிசலில் நிமிர்ந்து பார்க்காமல் டியூபையும் லேபிளையும் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்துவிட்டாள். வேலைக்குப் போகிற பெண்களின் பெயரில் வீட்டில் இருக்கிற பெண்களின் இரத்தம். அப்புறம் இரண்டு பக்கமும் அளவு ஒன்றாக இல்லாமல் எப்படி இருக்கும்? அத்தனை பேரும் கொண்டாடிய அந்த எதிர்பாராத முடிவு அதுதான்.

நிறுவனத்துக்குத் திரும்பி வந்து ரூபியிடம் சொன்னோம். நீ செய்யவில்லை என்று தெரிந்துவிட்டது என்று நான்தான் முதலில் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால், அவள் கேட்டது ஸ்டெல்லா இப்போது எங்கே இருக்கிறாள் என்று. கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தே விட்டாள். கமிட்டி இன்னும் கேள்வி கேட்டு முடிக்கவில்லை என்று நிர்வாக அதிகாரி ஆரம்பித்தார். தலைவர் அவரைக் கையமர்த்திவிட்டு, போய் வா என்றார். அன்றைக்கே அவள் ஸ்டெல்லாவை வேலையிலிருந்து கூட்டிக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனாள். காரீயம் நிறையவே இருந்தது. இனி அந்தப் பட்டறைப் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்ல, ஸ்டெல்லா பிரசவம் வரை தேவ்நாரில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். குழந்தை நல்லபடியாகப் பிறந்தது என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

விசாரணை அறிக்கை எழுதும்போது ஒரு தகராறு. இந்த மாதிரி நேரத்தில் 'குற்றம் நிரூபிக்கப்படவில்லை' என்று எழுதுவதுதான் வழக்கம், யாருக்கும் பொல்லாப்பு இல்லை என்றார் எங்கள் நிறுவனத்தின் டைரக்டர். தலைவர் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த வரியைத் தூக்கிக்கொண்டு இந்தப் பெண் ஆயுள் முழுக்க ஒவ்வொரு இன்டர்வியூவுக்கும் போக வேண்டுமா என்று கேட்டார். அவள் செய்யவில்லை என்று நமக்குத் தெரியும், தெரிந்ததை எழுதத் தயங்குவதும் பொய்தான் என்றார். வரி மாறியது. 'ரூபி எந்த மோசடியும் செய்யவில்லை' என்று என் கையாலேயே எழுதினேன். நான் எழுதிய எந்த ஆராய்ச்சிக் கட்டுரையும் எனக்கு அவ்வளவு பெருமை தந்ததில்லை. நிர்வாக அதிகாரி மறுபேச்சில்லாமல் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டார்.

அதோடு எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தோம். ஜோடியாக வந்த டியூப்களை மட்டும் கழித்துவிட்டு, மிச்சத்தை வைத்துக் கணக்கைச் சரிசெய்துவிடலாம், பட்டம் தாமதமாகாது என்றார் கைடு. விதிப்படி அதைத் தடுக்கவும் முடியாது. ரூபி எழுந்து நின்று சொன்னாள்:

"ரெண்டு தடவ குடுத்தவங்களத்தான் சார் கண்டுபிடிச்சிருக்கோம். ஊர்லருந்து வந்த தங்கச்சிய ஒரே ஒரு தடவ நிக்க வெச்சிருந்தா? அத எந்த மெஷின் சொல்லும்? எனக்கு இதுல ஒரு டியூப் மேலயும் நம்பிக்கை இல்ல. எல்லாத்தையும் வாபஸ் வாங்கிக்கறேன்."

கைடு எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். உதவித்தொகை முடியப்போகிறது, வயது ஏறுகிறது, வீட்டில் கல்யாணப் பேச்சு நடக்கிறது என்று எல்லாம் சொன்னார். அவள் அசையவில்லை. தன் குற்றமற்ற பெயரைக் கையில் வாங்கிய அதே நாளில், தன் வருஷக்கணக்கான உழைப்பை அவளே தூக்கிப் போட்டாள். பத்திரிகைக்குப் போயிருந்த கட்டுரையைத் திரும்பப் பெற்றாள். டெல்லிக்கு, எங்கள் அறிக்கை தவறு, தொழிலாளிகளுக்கு ஆபத்தில்லை என்ற முடிவை நம்ப வேண்டாம் என்று காரணத்தோடு கடிதம் எழுதினாள். கைடும், சொல்ல வேண்டும், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். அவரை அன்றைக்கு மதித்தேன்.

அதற்குப் பிறகு ரூபி பட்ட பாட்டை நான் பார்த்தேன். உதவித்தொகை நின்றது. செம்பூரில் ஒரு கல்லூரியில் காலையில் பகுதிநேரப் பாடம், மாலையில் டியூஷன், நடுவில் லேப். நிர்வாக அதிகாரி எந்தெந்தக் கோப்பைப் புரட்டினாரோ, இரண்டாவது முகாமுக்கு வேண்டிய ஊசி, டியூப் எல்லாவற்றுக்கும் வழி செய்து கொடுத்தார். கேட்டால், மீந்து கிடந்தது சார் என்பார். எங்கள் நிறுவனத்தில் எதுவும் மீந்து கிடந்து நான் பார்த்ததில்லை.

இரண்டாவது முகாமுக்கு நானும் போயிருந்தேன். அப்போது ஓய்வு பெற்றாகிவிட்டது, லேபிளை எடுத்துக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும் என்று அவள் கேட்டதும் ஓடினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் முகாம். மைக்கில் அவள் சொன்னது இதுதான்: இன்றைக்கு வர முடியாதவர்கள் அடுத்த ஞாயிறு வரலாம், அதற்கு அடுத்த ஞாயிறும் இருப்போம், வராவிட்டாலும் யார் பெயரும் எதிலும் போகாது. இந்த முறை ஒவ்வொரு முகத்தையும் நிமிர்ந்து பார்த்து, பெயர் சொல்லிப் பேசிய பிறகுதான் டியூபைக் கையில் எடுத்தாள். இம்முறை வந்த முடிவு, எல்லோரும் ஆரம்பத்தில் பயந்த அந்தச் சாதாரண முடிவுதான். பேட்டரி உடைக்கிறவர்களுக்குத்தான் காரீயம் அதிகம். ஆச்சரியம் ஒன்றும் இல்லாததால் பெரிய பத்திரிகை எதுவும் அதைக் கேட்கவில்லை. ஆனால் அதை வைத்துத்தான் டெல்லியில் அப்புறம் வேலை நடந்தது.

அந்த முதல் ஞாயிறு பாக்கியம் அம்மா வந்து உட்கார்ந்தார். எதுக்கு சார் திரும்பவும் முதலிலிருந்து என்று என்னிடம் கேட்டார். எல்லாம் முடிந்துவிட்டது, இனி சொன்னால் என்ன என்று நினைத்து, ரூபி மீது புகார் வந்ததையும், நாங்கள் வந்த அன்று அவள் படிப்பே ஊசலாடிக்கொண்டிருந்ததையும் சொன்னேன். பாக்கியம் அம்மா நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது, கோபமும் வந்துவிட்டது. ரூபியின் பக்கம் திரும்பினார்.

"ஏட்டி, அன்னைக்கு எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? சொல்லியிருந்தா, நீ என்ன சொல்லச் சொல்லுதியோ அத அப்படியே இந்தச் சந்து மொத்தமும் வந்து சொல்லியிருக்கும்லா?"

ரூபி அவர் கையைப் பிடித்து மெதுவாக மறுபடி மேசை மேல் வைத்தாள்.

"தெரியும்க்கா. அதனாலதான் சொல்லல."